கடற்கரையில் ஒரு மணவறை



கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். கோவலனும் மாதவியும் பிரிந்தது புகார்க் கடற்கரையில். அத்தகைய இடத்தில் மணவறை அமைக்கலாமோ என்று முதியோர் சிலர் ஐயுறுவர். திருகோணமலை வாசிகளுக்கு இவ்வையம் அவ்வளவாக எழுவதில்லை. கோணேசப் பெருமான் கடலின்மேல் எழுந்த சுவாமிமலை உச்சியிலேயே கோயில் கொண்டிருக்கிறான் அன்றோ? ஆகவே, கடற்கரையில் மணம் செய்யலாமா என்பதைவிட, எவ்வாறு செய்வது என்பதே இன்று நாம் ஆராய வேண்டியது.

முதலாவது, காலம். துறைமுகத்தின் உட்பகுதியில் கடற்படைத் தளம் உள்ளது. ஆதலால் மணத்துக்கு நாடுவது உப்புவெளி, நிலாவெளி போன்ற வெளிக்கரைகளையே. இக்கரைகள் ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்றுக்கும் மழைக்கும் உரியவை. சித்திரை பிறந்தபின் கடல் அமைதியுறும். ஆனால் ஆடியில் நம்மவர் மணம் செய்வதில்லை. கடலும் பஞ்சாங்கமும் ஒருங்கே இசைவு தருபவை வைகாசி, ஆனி, ஆவணி ஆகிய மாதங்களே. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது உண்மையாயினும், இக்கரையில் தை மாதத்து மழையை நம்பிப் பந்தற்கால் நாட்டுவது அறிவுடைமையன்று.

இரண்டாவது, திசை. மணமக்கள் கிழக்கு நோக்கி அமர்வது மரபு. இங்கே கிழக்கென்பது கடல். மணமக்களின் முகத்தைக் காண வேண்டிய சுற்றத்தார் அவர்களுக்கும் கடலுக்கும் இடையே அமர்வர். ஆகவே மணவறையைக் கரையின் மேற்பகுதியில், தாழை மரங்களை ஒட்டி அமைத்து, முன்னே போதிய இடம் விடுதல் வேண்டும். இக்கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவே. ஆயினும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் நீர் சற்று மேலேறும். காய்ந்த கடற்பாசி வரிவரியாகக் கிடக்கும் இடமே அலையின் எல்லை. அதற்கு அப்பால் கடைசி வரிசையும் அமையட்டும். காலை முகூர்த்தமாயின் வெயில் மணமக்களின் கண்ணிலேயே படும். பந்தலின் கீழ்ப்புறக் கூரையைத் தாழ இறக்கிவிடுக.

மூன்றாவது, காற்று. ஆனி மாதத்தில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வறண்டு வீசும். வெயில் ஏறியபின் கடற்காற்று எழுவதும் உண்டு. மணலில் நட்ட கால் தானே நில்லாது. முழங்கைக்கும் ஆழமாகத் தோண்டி, மணலை நனைத்து இறுக்கி, மணல் மூட்டைகளோடு பிணைத்தல் வேண்டும். ஓமத்தீயின் பொறி கிடுகில் பட்டால் விளைவு கூற வேண்டியதில்லை. ஆதலால் செங்கல் அடுக்கி அதன்மேல் ஓமகுண்டத்தை அமைத்து, காற்றுப் பக்கம் தகரத் தட்டியும் அருகே இரண்டு வாளி நீரும் வைத்திடுக. முதியோர் மணலில் நடக்கப் பாய் விரித்து வழி செய்தல் நன்று.

நான்காவதாக, பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. நமக்கு உகந்த அமைதிக் காலமே கரைவலை இழுப்போருக்கும் உழைப்புக் காலம். நாம் வெறுமணல் என்று காண்பது அவர்களுக்குக் கரைவலைப் பாடு. பந்தல் ஒன்று அங்கே நின்றால் அன்று அவர்கள் வீட்டு அடுப்பு எரியாது. ஆகவே நாள் குறித்தவுடன் வாடிக்குச் சென்று சம்மாட்டியாரைக் கண்டு, வலை வளைக்கும் நேரத்தைக் கேட்டு, அதற்கு ஏற்ப இடத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். மணவிருந்துக்கு அவர்களையும் அழைப்பதில் குறைவொன்றும் இல்லை. இலையும் குப்பையும் கடலிற் சேராமல் அகற்றுவதும் நம் கடனே.

ஐந்தாவது, சட்டம். கரையோரப் பாதுகாப்பு பற்றிய 1981ஆம் ஆண்டுச் சட்டம் உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை பொருந்தும். தற்காலிகப் பந்தலாயினும் உள்ளூராட்சி மன்றத்தையும், ஒலிபெருக்கி வைப்பதாயின் பொலிஸாரையும் முன்கூட்டியே அணுகுக. திருமணப் பதிவு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நடைபெறுவது. முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. விவாகப் பதிவாளர் கடற்கரைக்கே வந்து பதிய வேண்டுமெனில் விசேட அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். தாலி கட்டியாயிற்று, பதிவு பின்னர் ஆகட்டும் என்று காலங் கடத்தற்க. மணத்துக்குப் பதிவேட்டுக் குறிப்பே சிறந்த சான்று. நாளை ஒரு விதவையின் உரிமை அந்த ஒரு வரியையே பற்றி நிற்கக்கூடும்.

இறுதியாக ஒன்று. 2004 டிசம்பர் 26இல் இக்கரை கண்ட துயரை நாம் மறந்திலோம். பந்தலின் பின்புறம் மேட்டுக்குச் செல்லும் வழி எப்போதும் திறந்திருக்கட்டும். நிலம் அதிர்ந்தாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், முகூர்த்தத்தைக் கருதாது எழுந்து செல்க. அருகில் ஒரு மண்டபத்தையோ கோயிலையோ மாற்றிடமாகப் பேசிவைத்தலும் வேண்டும்.

கடலை மதித்து, அதனை நம்பி வாழ்வோரையும் மதித்துச் செய்யும் மணமே அக்கரையில் மங்கலமாக அமையும்.