ப்ளூ டிக் இல்லாத காலத்தில் கமலாவுக்கு வந்த கடிதங்கள்

பேட்டை ரயில் நிலையத்தில் செங்கோட்டை வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாதிப் பேர் காதில் பாட்டு. மீதிப் பேர் கையில் வீடியோ கால்.

“சாப்டாச்சா?”

“ம்... நீங்க?”

“பிள்ள ஸ்கூலுக்குப் போயிட்டானா?”

அவ்வளவுதான் பேச்சு. கணவர் சவுதியிலோ துபாயிலோ இருப்பார். மனைவி இங்கே மாமியாரோடு இருப்பார். நேற்றும் இதையேதான் பேசியிருப்பார்கள், நாளைக்கும் இதையேதான் பேசுவார்கள். பக்கத்தில் நின்று கேட்பவருக்குச் சலிப்பு தட்டும். பேசுகிற இருவருக்கும் அது இல்லாமல் பொழுது விடியாது.

ஏறக்குறைய இதே பேச்சைத்தான் புதுமைப்பித்தனும் தன் மனைவிக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்.

சொ.விருத்தாசலம் என்பது அவர் இயற்பெயர். அவர் படித்த ம.தி.தா. இந்துக் கல்லூரி இன்று இருப்பது இந்தப் பேட்டையில்தான். 1931-ல் பி.ஏ. முடித்தார். அதே ஆண்டு திருவனந்தபுரத்துப் பெண்ணான கமலாவோடு கல்யாணம். அப்புறம் பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்குப் போனார். ‘மணிக்கொடி’யில் எழுதினார், ‘தினமணி’யில் வேலை பார்த்தார். பேர் வந்தது, காசு வரவில்லை. கமலா மாதக்கணக்கில் திருவனந்தபுரத்துப் பிறந்த வீட்டில் இருக்க, இவர் சென்னையிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் கடிதங்களை இளையபாரதி தொகுக்க, ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற புத்தகமாக வந்திருக்கிறது.

கதைகளில் யாரையும் விட்டுவைக்காமல் கிண்டலடித்த மனிதர் அவர். கடவுளையே சென்னைக்குக் கூட்டிவந்து காபி குடிக்க வைத்தவர். கடிதங்களிலோ வேறு ஆளாக இருக்கிறார். மனைவியைக் கொஞ்சுகிறார், சமாதானம் சொல்கிறார். பணம் அனுப்ப முடியவில்லையே என்று தவிக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறார். ஏன் பதிலே காணோம் என்று பதறுகிறார். காதல் வசனத்தை எதிர்பார்த்துப் புத்தகத்தைத் திறப்பவருக்கு இந்தப் பணக் கவலை ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனால் கையில் காசில்லாத புருஷன், தூரத்தில் இருக்கிற மனைவியிடம் வேறு எதைப் பற்றித்தான் எழுதுவான்?

தம்பதி அன்பை அவர் கதையாகவும் எழுதியிருக்கிறார். ‘செல்லம்மாள்’ படித்தவர்களுக்குத் தெரியும். சென்னையில் துணிக்கடை வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, சீக்காளி மனைவிக்குத் தானே சமைத்துப்போட்டு, கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார். ஊருக்குப் போக வேண்டும் என்ற அவர்களின் ஆசை கடைசிவரை கைகூடவில்லை. அந்தக் கதையில் ‘அன்பே’ என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

“கடிதம் எழுதின காலத்தில்தான் உண்மையான பாசம் இருந்தது, போன் வந்து எல்லாம் கெட்டது” என்று சொல்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. கமலாவிடம் அப்படிச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். 1946-ல் மகள் தினகரி பிறந்தாள். சினிமாவாவது சோறு போடும் என்று நம்பிய புதுமைப்பித்தன், எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் புனேவுக்குப் போனார். காசநோய் முற்றிய உடம்போடுதான் திருவனந்தபுரம் திரும்பினார். 1948 ஜூன் 30-ல் இறந்தபோது அவருக்கு வயது 42. மகளுக்கு இரண்டு வயதுகூட நிறைந்ததோ என்னவோ. புனேயில் அவர் இருமிக்கொண்டிருந்த நாள்களில் ஒரு நிமிஷம் அந்த முகத்தைத் திரையில் பார்க்க முடிந்திருந்தால், கமலா தபால்காரரையா எதிர்பார்த்திருப்பார்?

கடிதத்துக்கும் செல்போனுக்கும் நடுவில் இன்னொரு காலமும் இருந்தது. இரவில் கட்டணம் குறையும் நேரம் பார்த்து எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்ற காலம். அதற்கும் முன்னால், 1980-களில் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் வீடுகளில் கேசட் கடிதங்கள் உண்டு. டேப் ரெக்கார்டர் முன்னால் குடும்பமே உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யும். ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர் கையில் கேசட்டைக் கொடுத்தனுப்புவார்கள். காலி கேசட் கிடைக்காவிட்டால் பாட்டு கேசட்டிலேயே பேசிவிடுவதும் உண்டு. அம்மா அழுது முடித்ததும், மிச்சமிருந்த பாதிப் பாட்டு அதுபாட்டுக்கு ஒலிக்கும்!

பாட்டு என்றதும் இதே ரயில் பாதையைச் சொல்லாமல் விடமுடியாது. பேட்டையிலிருந்து சேரன்மகாதேவி தாண்டினால் காருகுறிச்சி. நாகஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.ஜானகியின் குரலும் அவர் நாகஸ்வரமும் போட்டி போட்ட பாட்டை இன்று போனிலேயே கேட்கலாம். இரண்டே ஆண்டுகளில், 1964-ல் அருணாசலம் மறைந்தார். கல்யாண வீட்டில் அவர் வாசித்து நேரில் கேட்ட தாத்தாவும், யூடியூபில் கேட்கும் பேத்தியும் ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரே பாட்டைக் கேட்கலாம். போனைக் குறை சொல்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

போனில் குறை இல்லாமலும் இல்லை. ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வந்ததும் நாம் முதலில் அழிப்பது எதை? தினமும் வந்த அந்த “சாப்டாச்சா” வாய்ஸ் மெசேஜ்களைத்தான். போன் மாற்றும்போது மிச்சமும் போய்விடும். அப்பா போனபிறகு, அவர் குரல் இருக்கிறது என்பதற்காகவே பழைய போனை அவ்வப்போது சார்ஜ் போட்டு வைக்கிற வீடுகள் இருக்கின்றன. எந்த மெசேஜ் எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

வறுமையிலும் வீடு மாறியபோதும் அந்தக் கடிதங்கள் தொலைந்துபோகாததால்தான் புதுமைப்பித்தனின் இன்னொரு முகம் நமக்குத் தெரிகிறது. கமலாவும் எழுத்தாளர்தான். ‘காசுமாலை’ அவருடைய சிறுகதைத் தொகுப்பு. ஆனால் ‘கண்மணி கமலாவுக்கு’ புத்தகத்தில் இருப்பவை கணவர் எழுதிய கடிதங்கள். “பதில் ஏன் வரவில்லை” என்று அவர் கேட்டதற்குக் கமலா என்ன பதில் எழுதினார் என்பது அதில் இல்லை.