மூன்றாம் கிழமைக் காய்ச்சல்

இரத்தினபுரிப் பக்கம் காய்ச்சலுக்குப் பெயர் தேடவேண்டியதில்லை. "வயலுல இறங்கினீங்களா? மாணிக்கக் குழியில வேலையா?" என்று கேட்ட பிறகுதான் வைத்தியர் கையைத் தொடுவார். அதில் குறை சொல்ல முடியாது. எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இதுவும் ஒன்று. மழை விட்டால் டெங்கு வேறு.

டெங்கு ஒரு கிழமையில் இறங்கும். எலிக்காய்ச்சலும் மருந்துக்கு அடங்கும். மூன்றாம் கிழமையிலும் பின்னேரமானால் உடம்பு கொதிக்கிறது, விரல் மூட்டு வலிக்கிறது என்று தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஆண் ஒருவன் வந்து நின்றால்? காசநோய்க்குச் சளி பார்ப்பார்கள். லூபஸ் கடைசியில்தான் ஞாபகம் வரும். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். மாட்டிக்கொள்பவன் அந்தப் பத்தாமவன்.

நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குவதுதான் லூபஸ். இதில் பிளேட்லெட் குறையும், டெங்கிலும் அப்படித்தான். சிறுநீரில் புரதம் போகும், எலிக்காய்ச்சலிலும் போகும். கன்னத்துச் சிவப்பு கறுத்த முகத்தில் வெறும் கருமையாகத்தான் தெரியும். போதாததற்கு, எலிக்காய்ச்சலைத் தடுக்கக் கொடுக்கும் டொக்சிசைக்கிளினும் வெயில் பட்டால் சிலருக்குத் தோலைப் பொசுக்கும்.

லூபஸ் காய்ச்சலில் இரத்தத்தைச் சோதித்தால் பல வேளைகளில் ஈஎஸ்ஆர் எகிறியிருக்கும், சிஆர்பி அவ்வளவு ஏறியிருக்காது. அது ஒரு துப்பு, அவ்வளவே. பிறகு ஏஎன்ஏ என்ற இரத்தப் பரிசோதனை. லூபஸுக்கான 2019இன் சர்வதேச அளவுகோலில் அது 1:80ஐத் தொடாவிட்டால் கணக்கே தொடங்காது. தொட்டாலும் 10 புள்ளி சேரவேண்டிய இடத்தில் காய்ச்சலுக்குக் கிடைப்பது 2. ஆண்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுவது கூடுதல் என்பதால், "ஒண்ணுக்குப் போனா நுரைக்குதா?" என்ற கேள்வியை முதல் நாளே கேட்கலாம் என்பது என் கட்சி.

ஆனால் கிளினிக்குக்குப் போனால் தோட்டத்தில் அன்றைய பேர் போச்சு, சம்பளமும் போச்சு. அதனால் பெனடோலை விழுங்கிவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நிற்கிறான். காய்ச்சல் மறைகிறது, நோய் மறைவதில்லை.

இந்த நோய்க்கு மருந்து உண்டு, அது வந்த வழி மலேரியா. 1934-35 மலேரியா கேகாலையைத்தான் மிக மோசமாக வாட்டியது. 2016இல் இலங்கையே மலேரியா அற்ற நாடானது. மலேரியாவுக்கென்று வந்த மாத்திரைகளில் ஒன்றான ஹைட்ரொக்சிகுளோரோகுயின்தான் இன்று லூபஸுக்கு அன்றாட மருந்து. கண்ணை மட்டும் அவ்வப்போது காட்டவேண்டும்.

லூபஸ்காரனுக்கு வெயிலும் ஆகாது. அதைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டுபோய், மலையை விட்டு ஸ்டோருக்குள் வேலை தரச்சொல்லித் தோட்டத் துரையிடம் கேட்கவேண்டும்.