சாவிக்கொத்து கைமாறும் நாள்

லிஃப்ட் நின்றுபோன ஒரு மாலை வேளையில், நான்காம் மாடிக்குக் காய்கறிப் பையோடு படியேறிக்கொண்டிருந்த ஒரு மாமி, இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்று, எதிரே இறங்கி வந்த என்னிடம், “மாசம் நாலாயிரம் கட்டறோமே, எதுக்குன்னு கேக்கறேன்?” என்றார். பராமரிப்புக் கம்பெனியை மாற்றவேண்டும் என்ற பிரஸ்தாபம் எங்கள் குடியிருப்பில் அன்றைக்குத்தான் ஆரம்பமாயிற்று என்று சொல்லவேண்டும். சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கியிருக்கும் 64 வீடுகள் எங்களுடையவை. காவல், துப்புரவு, மோட்டார், ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய சகலமும் ஒரே கம்பெனியின் வசம் இருந்தன.

இத்தகைய கம்பெனியைப் பெரும்பாலும் முதலில் அமர்த்துகிறவர் கட்டடத்தைக் கட்டிய பில்டரே ஆகையால், குடிவந்தவர்கள் அதை வீட்டோடு வந்த சீதனம் போலக் கருதி, மாற்றும் அதிகாரம் தங்களுக்கு உண்டென்பதையே மறந்துவிடுகிறார்கள். பெரும்பான்மை வீடுகள் முன்பதிவான மூன்று மாதத்துக்குள் உரிமையாளர் சங்கம் அமைய வழிசெய்வதும், பொது இடங்களையும் அவற்றின் வரைபடங்களையும் அச்சங்கத்திடம் ஒப்படைப்பதும் பில்டரின் கடமை என்று 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1994-ம் வருஷத்து அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின் ஸ்தானத்தில், 2022-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 முதல் அமலில் இருக்கிறது. இவற்றின் ஷரத்துகளையெல்லாம் கரைத்துக் குடிக்காவிட்டாலும், பொது இடங்களின் நிர்வாகம் சங்கத்தினுடையது, கம்பெனி சங்கத்திடம் சம்பளம் வாங்கும் ஏஜெண்டு என்ற ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

கோபம் மூண்டிருக்கும் சமயத்தில் எல்லாக் குற்றத்தையும் கம்பெனியின் தலையில் கட்டுவது மனித சுபாவம். எங்களுக்கு வந்த புகார்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் நீர்க்கசிவு கட்டுமானக் குறை. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் எழும் அத்தகைய குறைகளைச் செலவு வாங்காமல் சரிசெய்து தரவேண்டியவர் பில்டர். மூன்றாவது மோட்டாரை மாற்றாமல் இழுத்தடித்ததற்கு, மாதக் கட்டணத்தை உயர்த்தக்கூடாதென்று கை தூக்கிய நாங்களே பொறுப்பு. தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று. இவ்விரண்டையும் கழித்தபின் மிஞ்சியவைதான் கம்பெனியின் கணக்கில் சேர்ந்தன.

மிஞ்சியவற்றில் பிரதானமானது டீசல். ஜெனரேட்டர் ஓடிய நேரத்தைத் தினமும் எழுதிவைக்கும் நோட்டு ஒன்று உண்டு. அதை முதல் தடவையாக மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டியபோது, ஒரு மாதம் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியது போன்ற கையெழுத்தைக் கண்டேன். 7 நிமிஷம், 23 நிமிஷம் என்று ஒரு தரமேனும் ஓடாமல், அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி என்றே அந்த இயந்திரம் ஒழுக்கத்தோடு ஓடியிருந்தது. பிறகு ஜெனரேட்டரின் பெட்டியைத் திறந்து, அதிலேயே பதிந்திருக்கும் மணிக் கணக்கு மீட்டரை ஒன்றாம் தேதியும் மாதக் கடைசியிலும் படம் பிடித்து வைத்தோம். நோட்டு 41 மணி என்றது. மீட்டர் 17 மணிதான் நகர்ந்திருந்தது. மணிக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட 240 லிட்டர் டீசல் எந்த இருட்டையும் போக்காமலே எரிந்திருக்கிறது. இரண்டு வருஷமாக மாதாமாதம் அந்த நோட்டில் கையொப்பம் இட்டுவந்தவர் எங்கள் கமிட்டியில் ஒருவரே என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆனாலும் மறுநாளே வெளியே போ என்று சொல்லிவிட இயலாது. எங்கள் ஒப்பந்தத்தில் இரு தரப்பாரும் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்றிருந்தது. கெடு முடிய இரண்டு மாதத்துக்கு முன் எழுத்து மூலம் மறுக்காவிட்டால் தானாகவே ஒரு வருஷம் நீடிக்கும் என்ற வாசகமும், கம்பெனியின் ஊழியர் எவரையும் ஒரு வருஷம் வரை சங்கம் வேலைக்கு வைத்துக்கொள்ளலாகாது என்ற வாசகமும் பொடி எழுத்தில் இருந்தன. கமிட்டியில் தீர்மானம் நிறைவேற்றி, பொதுக்குழுவின் சம்மதத்தைப் பெற்று, ஒப்புகைத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். வாட்ஸப்பில் வைத வசைகளுக்கெல்லாம் வராத மரியாதை அந்த ஒரு காகிதத்துக்கு வந்தது.

புதிய கம்பெனிக்கு வந்த கொட்டேஷன்கள் நான்கு. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் மோசம்போவோம். ஒவ்வொரு ஆளுக்கும் சம்பளம் எவ்வளவு, கம்பெனியின் பங்காக 12 சதவீதம் பி.எஃப்., 3.25 சதவீதம் ஈ.எஸ்.ஐ. எவ்வளவு, சேவைக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லவேண்டும். எல்லாவற்றிலும் குறைந்த கொட்டேஷனில் இந்தக் கட்டங்கள் காலியாக இருந்தன. ஒப்பந்தக்காரர் கட்டத் தவறிய பாக்கி, வேலை வாங்கிய சங்கத்தின் வாசலுக்குத்தான் வரும். காவல் ஆட்களை அனுப்ப 2005-ம் வருஷத்துத் தனியார் காவல் நிறுவனச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அதைக் கேட்டதுமே ஒருவர் பிறகு வரவில்லை. கழிவுநீர்த் தொட்டியை எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்ற கேள்விக்கு, “ரெண்டு பசங்களை இறக்கிடுவோம் சார்” என்று சாவதானமாகப் பதில் சொன்னார் இன்னொருவர். பாதுகாப்புச் சாதனமின்றி மனிதனைத் தொட்டிக்குள் இறக்குவது 2013-ம் வருஷத்துச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லி அனுப்பிவைத்தோம்.

சாவிக்கொத்து, லிஃப்டு லைசென்ஸ், ஈ.பி. கார்டுகள், ஏ.எம்.சி. பத்திரங்கள், கட்டாத பில்கள் ஆகியவற்றை ஜாபிதாப் போட்டு வாங்கிவிடலாம். ஜாபிதாவில் அடங்காத ஞானம் ஒன்று எங்கள் பிளம்பரின் தலைக்குள் இருந்தது. ஒன்பது வருஷமாக அங்கேயே இருந்த மனிதர். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் 11 வால்வுகளில் எது எந்த வீட்டு வரிசைக்குப் போகிறதென்பதை அவரைத் தவிர யாரும் அறியார். ஒப்பந்த வாசகம் குறுக்கே நின்றதால் அவரை வைத்துக்கொள்ளவும் வழியில்லை. கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், மஞ்சள் பெயிண்டு டப்பாவும் பிரஷுமாக அவர் பின்னால் குனிந்துகொண்டே போய், அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வால்வுக்கும் எண் எழுதினோம். ஏழாவதன் எதிரில் நின்று, தம் தோளில் கிடந்த சிவப்புத் துண்டின் ஓரத்தைக் கிழித்து அதில் கட்டி, “இதை மட்டும் திருப்பிடாதீங்க சார், திறந்தா மூடாது, நான் மூணு வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கேன்” என்றார்.

ஒன்றாம் தேதி காலையில் புதிய கம்பெனி வந்தது. கேட்டில் நின்ற காவலாளி பழைய ஆள்தான், சட்டை மட்டும் புதிது. அவரைப் பணியில் எடுத்துக்கொண்டது புதிய கம்பெனியே தவிரச் சங்கமல்ல என்பதால் அந்தப் பொடி எழுத்து அவரைத் தொடவில்லை. பிளம்பருக்கோ பழைய கம்பெனி அதற்கு முன்பே பெரும்பாக்கத்தில் வேறு கட்டடத்தைக் கொடுத்துவிட்டது. புதிதாக வந்த பையன் மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பார்த்து, “இதென்ன சார் துணி?” என்று கையை நீட்டியபோது, அங்கிருந்த நாங்கள் மூவரும் ஒரே குரலில் கத்தினோம்.