நிறம் போச்சு... உப்பு போகலையே! நொய்யல் சொல்லும் தண்ணீர்ப் பாடம்

பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அணை அது. ஆனால், ‘அதில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம்’ என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. சென்னிமலை அருகே நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு, 1992-ம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையின் கதைதான் இது. சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தர வேண்டிய அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர் சாயக்கழிவு தேங்கி நிற்கும் குட்டையாக மாறிப்போனது.

வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. 1980-களுக்குப் பிறகு பின்னலாடைத் தொழில் வேகமாக வளர்ந்தது. கூடவே சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. அவற்றின் கழிவு ஆற்றில் இறங்கியது. ஆற்றில் இருந்து நிலத்தடிக்கும், அங்கிருந்து கரையோரக் கிணறுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

கலர் அல்ல... உப்புதான் வில்லன்!

சாயக்கழிவு என்றதும் எல்லோருக்கும் சிவப்பும் நீலமுமாக ஓடும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ஆனால், நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்குத்தான்.

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டும் என்றால், சாயத் தண்ணீரில் உப்பு கலந்தாக வேண்டும். நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் முதல் 80 கிராம் வரைகூட உப்பு தேவைப்படும். சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளிவிடுவது மட்டும்தான் அந்த உப்பின் வேலை. அது துணியோடு போவதில்லை. போட்ட உப்பு அவ்வளவும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

1990-களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பு போன்ற ரசாயனங்களைக் கலந்து, அழுக்கையும் நிறத்தையும் அடியில் படிய வைத்தார்கள். நிறம் குறைந்தது. ஆனால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை இந்த முறையில் பிரிக்கவே முடியாது. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர், உப்பைச் சுமந்துகொண்டு ஆற்றுக்குப் போனது.

இதை எதிர்த்து நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். ‘கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது’ என்ற ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ நிபந்தனையை 2006-ம் ஆண்டு நீதிமன்றம் விதித்தது. அதை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. சவ்வூடு வடிகட்டும் முறையில் தண்ணீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பாக எடுக்கும் வசதியைச் செய்த பிறகுதான் பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. ஆனாலும், அதற்குள் மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் போன உப்பு, நீதிமன்ற உத்தரவால் வெளியேறிவிடாதே!

ஏக்கருக்கு 4 டன்!

தொழிற்சாலைகள் ஆற்றில் விடும் கழிவுநீரில், லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம் என்பது பொதுவான விதி. அதாவது, லிட்டருக்கு 2 கிராம். கேட்பதற்குச் சின்ன அளவாகத்தான் தெரியும்.

ஒரு ஏக்கருக்கு 2 அங்குல உயரம் தண்ணீர் கட்ட, சுமார் 2 லட்சம் லிட்டர் தேவை. லிட்டருக்கு 2 கிராம் என்றால், ஒரு தண்ணிக்கு 400 கிலோ உப்பு நிலத்துக்குப் போகிறது. ஒரு போகத்துக்குப் பத்து தண்ணி பாய்ச்சினால், 4 டன்! வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு அங்கேயே தங்கிவிடும். நல்ல மழை பெய்து அடித்துக்கொண்டு போனால்தான் உண்டு.

உப்பு கூடிய மண்ணில் ஈரம் இருந்தாலும், வேர்களால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீர் விட்ட மறுநாளே பயிர் வாடி நிற்கிறது. இலை ஓரங்கள் கருகும். உப்பில் உள்ள சோடியம், மண் துகள்களைச் சிதைத்து இறுக வைத்துவிடும். பிறகு தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும்.

கிணற்றுக்கும் வேண்டும் பரிசோதனை

சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலை, கழிவுநீர் வாய்க்கால் அருகில் நிலம் வைத்திருப்பவர்கள், மண்ணைப்போலவே தண்ணீரையும் ஆண்டுக்கு இருமுறை பரிசோதிப்பது நல்லது. கோடையில் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை.

மோட்டாரை 15 நிமிடங்கள் ஓடவிட்ட பிறகே மாதிரி எடுக்க வேண்டும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, தேதி, சர்வே எண், கிணற்றின் ஆழம், பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டி, தாமதிக்காமல் வேளாண் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும்.

முடிவில் முதலில் பார்க்க வேண்டியது மின் கடத்துதிறன். இது 0.7-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை இருந்தால், பயிரைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆபத்து. (இவை டெசிசைமன்/மீட்டர் அளவில். சில நிலையங்களில் இதையே 700, 3,000 என்று குறிப்பிடுவார்கள்.) அடுத்து, சோடியத்தின் அளவையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஜிப்சம் போட்டால் சரியாகிவிடுமா?

பாதிக்கப்பட்ட பகுதிகளில் பலரும் கேட்கும் கேள்வி இது. எல்லா நிலத்துக்கும் ஜிப்சம் மருந்தல்ல. மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும் உவர் நிலத்துக்குத் தேவை, நல்ல தண்ணீரும் வடிகாலும். மழைக்கு முன்பு வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்துவிட வேண்டும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், சோடியம் மிகுந்து இறுகிக் கிடக்கும் களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம். அதையும் பரிசோதனையில் சொல்லும் அளவுக்குப் போட்டு, தண்ணீர் கட்டி, வடிக்க வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் இரண்டுமே வீண்.

தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது, இரண்டு வகை நிலத்துக்கும் நல்லது. வெங்காயம், பீன்ஸ், கேரட் போன்றவை உப்பைத் தாங்காது. பருத்தி ஓரளவு நன்றாகவே தாங்கும். நெல் போடுபவர்கள், திருச்சி-3 போன்ற உப்பைத் தாங்கும் ரகங்களைத் தேர்வு செய்யலாம். உப்புத் தண்ணீரைத் தெளிப்பு நீராகக் கொடுத்தால் இலை கருகும். சொட்டுநீரில் உப்பு ஈர வட்டத்தின் ஓரத்தில் சேரும். லேசான மழை பெய்தால், அந்த உப்பு வேருக்கே திரும்பி வந்துவிடும். அதனால் தூறல் நேரத்தில் சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும்.

இவை எல்லாமே, கழிவு வருவது நின்ற பிறகு செய்ய வேண்டியவை. வந்துகொண்டே இருந்தால், எத்தனை மூட்டை ஜிப்சம் போட்டாலும் பலனில்லை.

தேதியோடு இருக்கட்டும் ஆதாரம்

கழிவு கலப்பது தெரிந்தால், மாவட்டத்தில் உள்ள மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும், கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் எழுத்து மூலமாக மனு கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். நடவடிக்கை இல்லை என்றால், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். பிரச்னை தொடங்கியதில் இருந்து 6 மாதங்களுக்குள் வழக்கும், இழப்பீடு கேட்பதாக இருந்தால் 5 ஆண்டுகளுக்குள் மனுவும் தாக்கல் செய்ய வேண்டும். மாசுபடுத்தியவர்தான் நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்பதை, பாலாற்றுப் பகுதித் தோல் கழிவு வழக்கில் 1996-ம் ஆண்டே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது.

ஆனால், ‘முன்பு தண்ணீர் நன்றாக இருந்தது’ என்று வாயால் சொன்னால் எடுபடாது. அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று காட்டும் பரிசோதனைச் சீட்டுகள் வேண்டும். அதனால், கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பரிசோதித்து, அந்தச் சீட்டைப் பட்டா, சிட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது, ஒவ்வொரு விவசாயியும் செய்ய வேண்டிய வேலை. தெளிந்திருக்கும் தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் இல்லை என்பதற்கு, ஒரத்துப்பாளையமே சாட்சி!