பழைய வீட்டுக்குப் புது வயரிங்: சுவரைச் சிதைக்காமல் செய்ய முடியுமா?

ஏசி வந்து இறங்கிய பிறகுதான் பல வீடுகளில் அந்தப் பேச்சே எழுகிறது. மாட்ட வந்தவர் பிளக் பாயின்ட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, எர்த்தே இல்லையே!" என்கிறார்.

ராஜபாளையத்தின் பழைய தெருக்களிலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் தாத்தா காலத்து வீடுகள் இன்னும் நிற்கின்றன. தடித்த செங்கல் சுவர், வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு, தலைக்கு மேல் தேக்கு உத்திரம். அந்தச் சுவரில் உளி வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. வயரிங் வேலை வருடக்கணக்கில் தள்ளிப்போவதும் அதனால்தான்.

தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் தொடங்கியது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் இயங்க ஆரம்பித்தது. அந்தத் தலைமுறையில் போட்ட வயரிங், நாலைந்து பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ என்று கணக்குப் பார்த்துப் போட்டது. இன்று 2 கிலோவாட் கீஸர் ஒன்றே சுமார் 9 ஆம்பியர் இழுக்கிறது. பழைய ரப்பர் உறை கூரைச் சூட்டில் காய்ந்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கும். பின்னாளில் வந்த அலுமினிய வயர் என்றால், நாளடைவில் ஸ்க்ரூ இடத்தில் தளர்ந்து சூடாகும். அதோடு புதுச் செம்பு வயரை முறுக்கி இணைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இதைவிட மோசமான குறுக்குவழி ஒன்று உண்டு. எர்த் வயர் இழுக்கச் சுவரை வெட்ட வேண்டுமே என்று, சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் பின்னை நியூட்ரலோடு சேர்த்துவிடுகிறார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால், ஃபிரிட்ஜின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். சுவரைக் காப்பாற்றலாம்; அதற்கு எர்த்தைப் பலிகொடுக்கக் கூடாது.

வெட்டுவதற்கு முன், வீட்டிலேயே இருக்கும் வழிகளைத் தேட வேண்டும். தேக்கு ரீப்பர் கட்டைமேல் கிளிப் அடித்து ஓடிய பழைய வயர் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதே தடத்தில் பிவிசி கேசிங் பட்டி ஓட்டினால் புது ஆணித் துளைகூட அதிகம் விழாது. உத்திரத்தின் பக்கவாட்டில் மர நிறம் அடித்த பைப்பை ஒட்டிச் செலுத்தினால் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. நிலைக்கதவின் ஓரமும் தரையோரமும் இறங்குவதற்கு ஏற்ற இடங்கள். ஒரே சுவரின் இரு பக்கமும் முதுகோடு முதுகாக போர்டு வைத்தால், ஒரு துளையில் இரண்டு அறைக்கு வேலை ஆகிவிடும். பழைய அபார்ட்மென்ட் என்றால் கான்கிரீட்டுக்குள் பைப் இருக்கும். பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி இழுத்துப் பார்க்கலாம். பைப் துருப்பிடித்து அடைத்திருந்தால் மல்லுக்கட்டாமல் வெளிப்பட்டிக்கு மாறுவதே நல்லது.

வெட்டியே தீர வேண்டிய இடமும் வரும். முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்டால் பூச்சு உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சுத்தியல், உளியால் அடித்தால் ஓரங்களும் சேர்ந்து கழன்று வரும். கட்டர் மெஷினால் இரண்டு கோடு கிழித்து, நடுப்பகுதியை மட்டும் பெயர்ப்பது நல்லது. நேர்க்குத்தான காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது.

பலரும் சறுக்குவது காடியை அடைக்கும்போதுதான். சிமென்ட் சட்டென்று இறுகும், வேலை முடிந்துவிடும். ஆனால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமென்ட் அப்படி விடாது. அதனால் ஓரத்தில் விரிசல் கண்டு, உப்புப் பூத்து, வெட்டிய தடம் அப்படியே தெரியும். காடியை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. ஆடிப்பூரத் தேருக்கு உறவினர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினால் சுண்ணாம்பு ஒத்துழைக்காது. ஐப்பசி மழையிலும் காயாது. கோடையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். பாதி வீட்டுக்கு மட்டும் வயர் மாற்றினால் அது அடிக்கடி விழும். பெரும்பாலும் பழைய வீட்டில் நியூட்ரல்கள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதே காரணம். 'தொல்லை' என்று அதைக் கழற்றி எறியாமல், கலந்த நியூட்ரலைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். உரிமம் உள்ளவரை வைத்து, மெக்கர் கருவியால் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீஸருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்பது பொதுவான கணக்கு.

கறுப்பு பேக்கலைட் சுவிட்சின் 'டக்' சத்தத்தைப் பிரிய மனமில்லாதவர்கள் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

காடியை மூடும் முன், பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அடுத்த தை மாதம் காலண்டர் மாட்ட யாராவது ஆணியும் சுத்தியலுமாக வருவார்கள்.