கல்லூரி மணியும் ஆலைச் சங்கும்

1852இல் ஒரு பள்ளியாகத் தோன்றிய கோவை அரசு கலைக் கல்லூரி, சைதாப்பேட்டையிலிருந்து 1906இல் இடம் பெயர்ந்து வந்த விவசாயக் கல்லூரி, ஜி.டி. நாயுடு அவர்களின் முயற்சியால் 1945இல் எழுந்த ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி என்று கொங்கு நாட்டில் கல்விச்சாலைகள் பெருகிய வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். இத்தனை கல்லூரிகள் இருந்தும், பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகவே தேறிய ஒரு கூலி வீட்டுப் பெண் அவற்றில் எதன் வாசற்படியையும் மிதிக்காமல் நின்றுவிடுவது எதனால் என்பதே இந்த வார விசாரம்.

கட்டணந்தான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம்; ஆனால் அரசு கல்லூரிகளில் கட்டணம் சொற்பமே. பரீட்சை முடிவு வெளிவரும் முன்பே திருப்பூர்ப் பனியன் கம்பெனியின் வேன் ஊர் முனையில் வந்து நிற்கிறது. அதில் ஏறினால் சனிக்கிழமை கையில் சம்பளம். ஏறாமல் கல்லூரிக்குப் போனால் மூன்று வருஷம் அந்தச் சம்பளத்தை வீடு இழக்கவேண்டும். பொருளாதார சாஸ்திரத்தில் கைவிட்ட ஊதியமும் கல்வியின் விலையே. கடன்பட்ட தகப்பனாருக்கு அந்தக் கணக்கைச் சாஸ்திரம் சொல்லித் தரவேண்டியதில்லை.

பஞ்சாலைகளில் பரவிய சுமங்கலித் திட்டம் இந்தக் கணக்கின் மிகக் கொடிய வடிவம். ஏழைப் பெண்ணை மூன்றாண்டுகள் ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். பாதியில் நின்றவர்களில் பலர் அதையும் இழந்தார்கள். பட்டம் பெறுவதற்கு வேண்டியதும் அதே மூன்றாண்டுகளே என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

அரசாங்கத்தின் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டமும் பணத்தைக் கல்யாண நாளில்தான் தந்தது. 2011 முதல் பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் என்றிருந்ததால், படிக்கவைக்க அது ஓரளவு தூண்டுதலாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் படிக்கும் நாட்களின் பசிக்கு அது உதவவில்லை. 2022இல் அதுவே புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் 1,000 ரூபாய் சேரலாயிற்று. கம்பெனியின் ஒரு வாரச் சம்பளத்துக்கும் அது ஈடாகாது என்பது மெய்யே. எனினும் கல்யாணத்துக்கென்று ஒதுக்கியிருந்த பணம் அவள் படிப்புக்கென்று வந்ததை நான் பெரிய மாறுதலாகவே கருதுகிறேன். ஆண் பிள்ளைகளுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9 அன்று தொடங்கியதும் நாம் மேலே கண்ட கோவை அரசு கலைக் கல்லூரியிலேதான்.

நிலபுலன் உள்ள குடும்பங்களில் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பும் காரணம் வேறு. அங்கே பெண் பார்க்க வருகிறவர்கள், "பொண்ணு என்னங்க படிச்சிருக்குது?" என்று முதலில் கேட்கிறார்கள், அந்தக் கேள்விக்காகவே சேர்ந்த பெண்களுள் பலர் படிப்பின் ருசி கண்டு மேலும் படிக்கிறார்கள்.

18 முதல் 23 வயதினரைக் கொண்டு கணக்கிடும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22இல் தமிழகத்தில் 47 சதவிகிதம், இந்தியா முழுமைக்கும் 28.4. பெருமைப்படத்தக்க எண்தான், ஆனால் எஞ்சிய பாதிக்கு மேற்பட்டோரில் எத்தனை பேர் அந்த வேனில் ஏறியவர்களோ என்றே என் மனம் கேட்கிறது. கல்லூரிக்குச் செல்லும் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. ஆயினும் வேன் வீட்டருகே வருகிறது, பேருந்துக்கோ பல ஊர்களில் நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கிறது. அந்த வழித்தடங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.