இக்னைட், இன்சைட், இன்ஸ்டிகேட்: எது பத்த வைக்கும், எது உசுப்பேத்தும்?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே மாவட்டத்தின் கம்பம், கூடலூர் பகுதி 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையால் கொதித்தது. ஆயிரக்கணக்கானோர் குமுளி எல்லையை நோக்கித் திரண்டார்கள்.

ஒன்று நிஜத் தீ. இன்னொன்று உணர்ச்சித் தீ. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பல சொற்கள் பொதுவானவை. ஆனால், எல்லாம் ஒரே அர்த்தம் இல்லை.

தீயிலிருந்து பிறந்த சொற்கள்

இக்னைட்: லத்தீனில் 'இக்னிஸ்' என்றால் நெருப்பு. 'அக்னி'க்குச் சொந்தக்காரச் சொல். இன்ஜினில் எரிபொருளைப் பற்ற வைப்பதும் இக்னைட், ஒரு விவாதத்தைக் கிளப்பிவிடுவதும் இக்னைட். நல்லதா, கெட்டதா என்று இந்தச் சொல் தீர்ப்பு சொல்லாது.

கிண்டில்: சுள்ளி போட்டு மெல்ல மூட்டுவது. ஆர்வம், நம்பிக்கைக்குப் பொருந்தும். 2007-ல் அமேசான் தன் மின்னூல் கருவிக்கு வைத்த பெயர்.

இன்ஃப்ளேம்: இருக்கிற கோபத்தைக் கொழுந்துவிட்டு எரியச் செய்வது. டாக்டர் சொல்லும் 'இன்ஃப்ளமேஷன்' இதிலிருந்து வந்தது. தமிழில் அது 'அழற்சி'. அழல் என்றாலும் தீதான்!

தீயே இல்லாத சொற்கள்

இன்சைட்: வேர்ச்சொல்லின் பொருள், அசைத்துக் கிளப்புவது. இன்று பெரும்பாலும் வன்முறை, கலவரத்தோடுதான் வரும்.

இன்ஸ்டிகேட்: வேரில் இருப்பது 'குத்துவது'. வண்டி மாட்டைத் தார்க்குச்சியால் குத்தி விரட்டுவது போல, ஒருவரைப் பின்னாலிருந்து ஏவிவிடுவது.

ஃபொமென்ட்: வேர், சூடான ஒத்தடம்! அதிருப்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி வளர்ப்பது.

தமிழில் எப்படி?

நமக்கும் 'மூட்டு' இருக்கிறது: தீ மூட்டலாம், சண்டை மூட்டலாம், கோளும் மூட்டலாம். தேனி அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) படத்தில் பரட்டையிடம் கவுண்டமணி பேசும் வசனத்தால், 'பத்த வைக்கிறது' தமிழ்நாடு முழுக்கப் பிரபலம்.

சிக்கல் 'தூண்டு' என்ற சொல்லில்தான். விளக்குத் திரியையும் தூண்டுகிறோம், ஆர்வத்தையும் தூண்டுகிறோம், கலவரத்தையும் தூண்டுகிறோம். கம்பத்தில் திரண்ட விவசாயிகளை 'வெகுண்டெழுந்தார்கள்' என்று எழுதினால் கோபம் அவர்களுடையது. 'தூண்டிவிடப்பட்டார்கள்' என்று எழுதினால், பின்னால் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். தண்ணீருக்காகத் தெருவுக்கு வந்தவர்களின் சொந்தக் குரலையே ஒரு சொல் பறித்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 45-வது பிரிவு, குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதற்கான முதல் வழியாகவே 'இன்ஸ்டிகேட்' செய்வதைச் சொல்கிறது. மதம், சாதி, மொழி போன்றவற்றின் பெயரால் பகையை வளர்ப்பது 196-வது பிரிவில் வருகிறது: மூன்று ஆண்டு வரை சிறை. மின்னணு வழித் தகவல்களும் இதில் அடக்கம். வாட்ஸ்அப்பும் விதிவிலக்கு இல்லை.

ஆகவே ஆபீஸ் மெயிலில் டீமின் ஆர்வத்தைத் தூண்ட 'இன்சைட்' வேண்டாம், 'கிண்டில்' போதும். செய்தியை ஃபார்வர்டு செய்யும் முன் ஒரு கேள்வி: இது விளக்கைத் தூண்டுகிறதா, இல்லை ஊரைப் பத்த வைக்கிறதா?